மின்தூக்கியில் ஓடிய நண்டு: ஓர் ஆங்கில ஆசிரியரின் நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. தொடக்கநிலை இரண்டாம் வகுப்பு. வார இறுதியில் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் கையைப் பாதி உயர்த்தினான். ஆண்டு தொடங்கியதிலிருந்து அவன் தானாகக் கை தூக்கியது அதுதான் முதல்முறை. “யெஸ்டர்டே மை பாட்டி கோ மார்க்கெட், பை க்ராப்” என்றான். நான் முகம் மலர, “ஓ, யுவர் கிராண்ட்மதர் வென்ட் டு தி மார்க்கெட்! வெரி குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. தவற்றைச் சுட்டிக்காட்டிப் பிள்ளையைக் கூசவைக்காமல், சரியான வடிவத்தை நாமே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் கற்றிருந்தேன். அதைத்தான் செய்தேன். ஆனால் அவன் சொல்ல வந்ததை நான் கேட்கவே இல்லை. மின்தூக்கிக்குள் நண்டின் கட்டு அவிழ்ந்தது, அது மூலைக்கு மூலை ஓடியது, உடன் வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அலறியது, பாட்டி செருப்பைக் கழற்றி நண்டை மடக்கியது எல்லாம் அவன் நாவின் நுனியில் காத்திருந்தன. மூன்று வாரம் கழித்து, இன்னோர் ஆசிரியர் வழியாகத்தான் அவை எனக்குத் தெரியவந்தன.

அந்த மூன்று வாரமும் அதையடுத்த எட்டு மாதங்களும்தான் இந்த ஆய்வின் பொருள். பள்ளியின் பெயரையும் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ், சீனம், மலாய் ஆகியவை தாய்மொழிப் பாடங்கள். ஆங்கிலத்தில் தளரும் பிள்ளை, கேள்வியே புரியாமல் கணக்கிலும் தளர்ந்துவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுகிறார்கள். தமிழை அதிகம் பேசுவோர் 27.3 விழுக்காடு. 2010இல் அது 36.7 விழுக்காடாக இருந்தது. ஆக, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளை, தமிழ்ப் பிள்ளைகளுக்குள்ளேயே சிறுபான்மையாகிக்கொண்டு வருகிறது.

இந்தப் பையன் அப்படிப்பட்டவன். இங்கேயே பிறந்தவன். தாயும் தந்தையும் முறை மாறி வேலைக்குப் போகிறவர்கள். அவனை வளர்த்தவர் பாட்டி. முதல் வகுப்பின் தொடக்கத்தில் நடந்த எழுத்தறிவுச் சோதனையில் பின்தங்கியதால் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டான். 1990களிலிருந்து நம் பள்ளிகளில் நடக்கும் திட்டம் அது. சின்னக் குழுவாக உட்காரவைத்து, அன்றாடம் அரை மணி நேரம், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கற்பிப்பார். அதில் அவன் நன்றாகவே தேறினான். என் வகுப்புக்கு வந்தபோது எழுத்துக்கூட்டி வாசிப்பதில் நடுத்தரமாக இருந்தான். வாசிக்கச் சொன்னால் வாசிப்பான். பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே தொடக்கப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர் என்றால் பெரும்பாலும் கணக்கும் அறிவியலும் சேர்த்துக் கற்பிப்பவர் என்று பொருள். தேசியக் கல்விக் கழகத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சியும் அப்படித்தான். கற்பிக்கும் முறைகளை நிறையக் கற்றேன். ஆங்கிலம் என்ற மொழி எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றது அதைவிடக் குறைவு. நான் தமிழ்ப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவேன். ஆனால் என் தமிழை வகுப்பறை வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றிவைப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது.

கோப்பில் நான் எழுதிய குறிப்பு

பிப்ரவரி இறுதியில் அவன் கோப்பில் இப்படி எழுதினேன்: “பேசத் தயங்குகிறான். தாய்மொழித் தாக்கம் மிகுதி. வீட்டில் ஆங்கிலம் பேசும்படி பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டது.” ஆண்டுதோறும் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். யாரும் கேள்வி கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஆசிரியர் அறையில் எங்கள் பள்ளியின் மூத்த தமிழாசிரியரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: “சார், அந்தப் பையன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான்.”

அவர் வியப்போடு நிமிர்ந்தார். “என்னம்மா சொல்கிறீர்கள்? என் வகுப்பில் அவனை நிறுத்துவதுதான் பாடாக இருக்கிறது.” வாய்மொழிப் பயிற்சிக்காகப் பதிவு செய்திருந்ததைத் தம் கணினியில் போட்டுக் காட்டினார்.

“பாட்டி சந்தையிலிருந்து நண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். மின்தூக்கியில் ஏறியதும் கயிறு அவிழ்ந்துவிட்டது. பாட்டி நண்டிடம் ‘ஓடாதே, நில்’ என்று சொன்னார்கள். அது நிற்கவில்லை.”

அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். என் கோப்பின் முதல் வரி அங்கேயே பொய்யாகிவிட்டது. இரண்டாம் வரியின் பிழையைப் புரிந்துகொள்ள வீட்டுக்குப் போய், தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

பிழை யாருடையது

அவன் ஆங்கிலத்தில் நான் கண்ட முதன்மைக் குறை, இறந்தகாலம் வராததுதான். கோ, பை, ரன் என்று எல்லாம் வெறும் வினையாகவே நின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளையல்லவா, தமிழின் தாக்கம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் தமிழ் எப்போதாவது காலத்தை விட்டுக்கொடுத்ததுண்டா? போனாள், போகிறாள், போவாள் என்று முற்றுவினை பெரும்பாலும் காலத்தைச் சுமந்தே வருகிறது. “நேற்று” என்று சொன்ன பிறகும் “போனாள்” என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதிவில் அவன் காலத்தில் ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. “ஏறியதும்” என்று ஒரு செயலை அடுத்ததோடு கோத்திருந்தான். “அவிழ்ந்துவிட்டது” என்று கைமீறிப் போனதைக் காட்டியிருந்தான். பாட்டியின் பேச்சை “என்று” போட்டு எடுத்துக் கூறியிருந்தான். “நிற்கவில்லை” என்று எதிர்மறையில் முடித்திருந்தான். காலம் என்றால் என்ன என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு அந்த ‘கோ’ எங்கிருந்து வந்தது? விளையாட்டுத் திடலிலிருந்தும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்தும். சிங்கப்பூரின் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தில், ‘யெஸ்டர்டே’ போன்ற சொல் காலத்தைச் சொல்லிவிட்டால் வினை மாறாமல் நிற்கலாம். சீனத்திலும் மலாயிலும் காலத்துக்கேற்ப வினை வடிவம் மாறுவதில்லை. அம்மொழிகளைப் பேசும் மக்களோடு சேர்ந்து வளர்ந்த பேச்சு அது. நண்பர்களிடம் கேட்டதைப் பையன் பிசகாமல் கற்றிருக்கிறான். காதில் விழுவதிலிருந்து ஒழுங்கைக் கண்டெடுக்கும் திறமை அவனிடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. நான் அதைக் குறை என்று எழுதிவைத்திருந்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மறுநாள் ஒரு சிறு சோதனை செய்தேன். மேசையில் இரண்டு அட்டைகள்: ஒன்றில் இன்று, மற்றதில் நேற்று. நான் ஒரு வினையைச் சொல்வேன், அவன் அட்டையைத் தொட வேண்டும். ‘வான்டட்’, ‘ஷவுட்டட்’ என்றபோது தயங்காமல் நேற்றைத் தொட்டான். ‘வாக்ட்’, ‘ஜம்ப்ட்’ என்றபோது இன்றைத் தொட்டான். அவன் காதில் ‘வாக்’, ‘ஜம்ப்’ என்று மட்டுமே விழுந்திருக்கிறது. தமிழ்ச் சொற்கள் இப்படி இரண்டு மூன்று மெய்யொலிகள் அடுக்கி முடிவதில்லை. ‘பஸ்’ஸைப் ‘பஸ்ஸு’ என்றும் ‘பேங்க்’கைப் ‘பேங்க்கு’ என்றும் உகரம் சேர்த்துத்தானே நம் வீடுகளில் சொல்கிறோம். கடைசி ஒலி தனி அசையாக வந்தால் அவனுக்குக் கேட்கிறது, மெய்யோடு மெய்யாக ஒட்டிவந்தால் கேட்கவில்லை. இங்கே தமிழின் பங்கு உண்டு. ஆனால் அது இலக்கணத்தில் இல்லை, செவியில் இருக்கிறது.

ஒரே பிழைபோல் தெரிந்தது இரண்டாகப் பிரிந்தது. ‘கோ’வுக்கு ‘வென்ட்’ என்பது வடிவத்தைக் கற்கும் வேலை. ‘வாக்ட்’டின் கடைசி ஒலியைப் பிடிப்பது காதைப் பழக்கும் வேலை. இரண்டுக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கில ஆசிரியருக்கு மொழியறிவு வேண்டும் என்று சொல்லும்போது நான் குறிப்பிடுவது இதைத்தான். நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு பிழையைக் கையில் எடுத்து, அது எந்த மண்ணில் முளைத்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

உம் கொட்டுதல்

அந்த வாரமே என் பாடம் ஒன்றைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, இரவில் கேட்டேன். கேட்கக் கடினமாகத்தான் இருந்தது. கேள்வி கேட்கிறேன், மூச்சு விடுவதற்குள் நானே பதில் சொல்கிறேன், அல்லது கை தூக்கிய முதல் பிள்ளையிடம் போகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பல வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, தாமாகப் பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்றும் அவர் கண்டார். பயிற்சிக் காலத்தில் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறேன். என் ஒலிப்பதிவில் ஒரு நொடிகூட இல்லாத இடங்கள் இருந்தன.

திருத்துவதிலும் அதே கதை. ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவுகள் ஆசிரியர்கள் பலரும் அறிந்தவை. அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல், சரியான வடிவத்தை ஆசிரியரே திருப்பிச் சொல்வதாக இருந்தது. அப்படிச் சொன்னவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மாணவர்கள் எதிர்வினை காட்டினார்கள். மற்றவை பாராட்டுபோலக் காதில் விழுந்து போய்விட்டன. என் “வெரி குட்” அப்படிப்பட்டதுதான். திருத்தம் நடந்ததை அவன் அறியவே இல்லை. கதை முடிக்கப்பட்டுவிட்டது என்பதை மட்டும் அறிந்தான்.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்பவர் விழித்திருக்கிறார், அடுத்ததற்கு ஏங்குகிறார் என்று சொல்பவருக்குச் சொல்லும் ஒலி அது. என் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் கதை சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, உம் கொட்டும் ஆளை நான் வைக்கவில்லை. அந்த ஆள் நானாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் அவனைத் தனியே உட்காரவைத்து நண்டைப் பற்றிக் கேட்டேன். “பாட்டி பை க்ராப்” என்றான். திருத்தவில்லை. “உம்” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். மிஸ் ஒருவர் உம் கொட்டி அவன் கேட்டதில்லை. மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்காவது நொடியில், “தி க்ராப் ரன். இன் தி லிஃப்ட்” என்றான். “உம். அப்புறம்?” கதை முழுதும் வந்தது. ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் தமிழ்ச் சொல் போட்டான். ‘அவிழ்ந்தது’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவனே என்னைக் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். தானாகத் தேடி வந்த அந்தச் சொல்லை அவன் அதன்பின் மறக்கவே இல்லை.

அதை வகுப்புக்கும் கொண்டுபோனேன். தொடக்கப்பள்ளிகளில் நாங்கள் பின்பற்றும் ஸ்டெல்லார் என்ற ஆங்கிலப் பாடத் திட்டத்தில் வகுப்பே சேர்ந்து எழுதும் ஒரு கட்டம் உண்டு. பிள்ளைகள் சொல்வார்கள், ஆசிரியர் பலகையில் எழுதுவார், பிறகு எல்லாருமாகத் திருத்துவார்கள், அதன்பின் குழுவாக, கடைசியில் தனித்தனியாக எழுதுவார்கள். நல்ல அமைப்பு. ஆனால் அதில் ஆசிரியர் வேடம் நிமிடத்துக்கு நிமிடம் மாற வேண்டும் என்பதை நான் அதுவரை சரியாக உணரவில்லை. கதை பிறக்கும் நேரத்தில் நான் கேட்பவள் மட்டுமே. எழுதும் நேரத்தில் எழுத்தர். அவன் ‘ரன்’ என்றால் ‘ரன்’ என்றே எழுத வேண்டும். திருத்தும் நேரத்தில்தான் ஆசிரியர். அப்போதும் விடையைச் சொல்லாமல், “இது நேற்று நடந்தது. இந்தச் சொல் நேற்றையதா?” என்று கேட்டு நிற்க வேண்டும். முன்பு இந்த மூன்றையும் ஒரே மூச்சில் செய்தேன், அதனால் மூன்றுமே கெட்டன.

பாட்டி

கோப்பின் மூன்றாம் வரிதான் என்னை மிகவும் வருத்துகிறது. மே மாதப் பெற்றோர் சந்திப்புக்கு, தாய்க்கு வேலை இருந்ததால் பாட்டி வந்தார். நான் தமிழில் பேசத் தொடங்கியதும் முகம் தெளிந்தது. பையன் வீட்டில் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டேன்.

“நீங்கள் இங்கிலீஷில் பேசச் சொன்னீர்களாமே டீச்சர். எனக்கு அது வராது. என்னால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ராத்திரியில் கதை சொல்வதையும் விட்டுவிட்டேன். இப்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறான்.”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டில் வளமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சை, மூன்று மாதம், ஒரே வரியில் நான் நிறுத்திவைத்திருந்தேன். நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தவும், “அதனால்” என்று காரணம் காட்டவும், பிறர் பேச்சை எடுத்துக் கூறவும் பையன் கற்றது அந்தப் பாட்டியின் மடியில். அந்தத் திறமைகள் ஒரு மொழிக்குள் பூட்டிக்கிடப்பவை அல்ல. தமிழில் கதை கட்டத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் சொற்களும் வடிவங்களும்தான் தேவை. ஆங்கிலம் வராத பெரியவரிடமிருந்து பிள்ளை கேட்கும் அரைகுறை ஆங்கிலத்தைவிட, அவரிடம் கேட்கும் முழுத் தமிழ் பல மடங்கு மேலானது.

“அம்மா, நான் சொன்னது தவறு. கதையை நிறுத்தாதீர்கள். இன்றைக்கே சொல்லுங்கள்” என்றேன். நூலகத்திலிருந்து தமிழ்ப் படக்கதை நூல்களை எடுத்துப் போகும்படியும், மாலையில் அவன் பள்ளியில் வாசித்த ஆங்கிலக் கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். ஒரு மொழியில் வாசித்ததை இன்னொன்றில் சொல்ல வேண்டுமானால் முழுதும் புரிந்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சித்தாளும் அந்த வேலையைச் செய்யாது. கோப்பின் வரியை அடித்துவிட்டு, தேதியிட்டுப் புதிதாக எழுதினேன்.

மாற்றம், எவ்வளவு

ஜூலையில் அவன் கட்டுரையில் ‘ரேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ரன்ட்’ என்றும், ‘காட்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கேட்ச்ட்’ என்றும் எழுதியிருந்தான். தாய் பதறிப்போய்ச் செய்தி அனுப்பினார்: “டீச்சர், முன்பைவிட மோசமாகிவிட்டானே.” எனக்கோ அந்தப் பக்கத்தைப் பார்த்து மகிழ்ச்சி தாங்கவில்லை. முன்பு அவன் வினைகளைத் தொடவே இல்லை. இப்போது ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு ஒரு விதி உண்டு என்று கண்டுகொண்டு, அதை எல்லா வினைமீதும் போட்டுப் பார்க்கிறான். காதில் விழாத அந்தக் கடைசி ஒலி இப்போது விழுகிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் கடந்துவரும் படி அது. சிவப்பு மை எடுத்திருந்தால் அந்தப் படியிலிருந்தே அவனைக் கீழே தள்ளிவிட்டிருப்பேன். தாயிடம் தொலைபேசியில் இதை விளக்க இருபது நிமிடம் ஆயிற்று.

செப்டம்பரில் வகுப்பின் முன் நின்று ஒரு கதை சொன்னான். ‘எ’யும் ‘தி’யும் இன்னும் தாறுமாறாகத்தான் விழுந்தன. அது தமிழ் வழி வந்த சிக்கல்தான். நம்மிடம் ‘ஒரு’ இருக்கிறது, ‘அந்த’ இருக்கிறது, ஆனால் பெயருக்கு முன் கட்டாயமாக வந்து நிற்கும் சொல் ஏதுமில்லை. வேண்டுமென்றேதான் அதை விட்டுவைத்தேன். ஒரே நேரத்தில் நான்கு பிழைகளைத் துரத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

சக ஆசிரியர்கள் சிலர் நியாயமான கேள்வி எழுப்பினார்கள். முப்பது பேர் வகுப்பில் ஒருவனுக்காக நான்கு நொடி எப்படிக் காத்திருப்பது? மூன்றாம் வகுப்பில் நாற்பது பேர்வரை இருப்பார்களே? எல்லாரிடமும் எல்லா நேரமும் முடியாது என்பது உண்மை. நான் செய்தது, கேள்விகளைக் குறைத்ததுதான். நான் அறிந்த விடையைக் கேட்கும் கேள்விகளை வெட்டினேன். மிச்சமான நேரம் போதுமானதாக இருந்தது. தேர்வைப் பற்றியும் கேட்டார்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், 2025 முதல் ஆங்கிலத்தின் 200 மதிப்பெண்ணில் 40 வாய்மொழிக்கு, அதிலும் 25 உரையாடலுக்கு. உரையாடலைப் பழக நேரமில்லை என்பது இனிமேல் தேர்வு நோக்கிலும் நிற்காத வாதம்.

இன்னொரு கேள்விக்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. நான் தமிழச்சி, அதனால் அவன் தமிழைக் கேட்க முடிந்தது. என் வகுப்பின் சீனப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் என்ன செய்வேன்? அம்மொழிகளைப் பேசக் கற்பது என்னால் ஆகாது. ஆனால் சீன ஆசிரியரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, சீனத்தில் காலத்தையும் பன்மையையும் எப்படிக் காட்டுவார்கள் என்று கேட்டு, ஒரு பக்கம் எழுதிக்கொள்ள முடிந்தது. மலாய் ஆசிரியரிடமும் அவ்வாறே. தாய்மொழி ஆசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் எங்கள் ஆசிரியர் அறையின் இரு கோடியில் உட்காருகிறோம். ஒரே பிள்ளையின் இரண்டு பாதிகள் அந்த இரு கோடியில் கிடக்கின்றன. பருவத்துக்கு ஒருமுறையாவது ஒரு பிள்ளையை நடுவில் வைத்து இரு தரப்பும் பேச வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். முதல் கூட்டம் நடந்துவிட்டது.

ஆண்டு இறுதியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் கோப்பை ஒப்படைத்தேன். மலாய்க்காரர், கவனமாகப் படிப்பவர். இறந்தகாலம் எதுவரை வந்திருக்கிறது, எந்த ஒலிகள் இன்னும் காதில் விழவில்லை, ‘தி’யை ஏன் தொடவில்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். பாட்டியைப் பற்றித் தனி வரி. படித்துவிட்டு, முதல் நாள் அவனிடம் அந்த நண்டைப் பற்றிக் கேட்கட்டுமா என்றார். அது பழைய கதை, இப்போது வீட்டில் மீன்தொட்டி வாங்கியிருக்கிறார்கள், அதைக் கேளுங்கள் என்றேன்.